ஜீப்பில் ஏறப் பயந்தவள்

என்னைக் கங்காணி ஆக்கிய வாரத்திலேயே, கூட வேலை பார்த்த பெண்கள் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் சிலமலையிலிருந்து ஒரே ஜீப்பில் மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள்தான் நாங்கள். இப்போது நான் பக்கத்தில் போனாலே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு அக்கா காய் எடுப்பதில் கெட்டிக்காரி. கொஞ்ச நாளாக அவள் கூடையில் பிஞ்சும் பழுத்ததும் கலந்தே விழுந்தன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நாளைலருந்து அந்தம்மாவ வர வேணாம்னு சொல்லிரு" என்றார்.

"மொதல்ல நான் பேசிப் பாக்கிறேன் சார்."

மத்தியானம் தூக்குவாளியோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாளும் அங்கேயே போய் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா? மொகமே சரியில்லையே."

கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்தாள். "மழையில வளைவுல ஜீப்பு வழுக்குச்சுல்ல, அன்னைலருந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது. காலைல ஏறுறப்பவே சாயங்காலம் மலை எறங்கணுமேன்னு நெனப்பு வந்துருது. இத்தன பேர அடைச்சா வண்டி எப்படி நிக்கும்? கேட்டா சோலி போயிரும்."

சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள். எல்லோருக்கும் அதே பயம் இருந்தது. எனக்கும்தான்.

டிரைவரிடம் சண்டை போடாமல், "அண்ணே, ஒங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்னாத்தா? ஒரே நடையில எல்லாத்தயும் ஏத்தியாறச் சொல்றாக. நான் என்ன செய்ய?"

நேரே மேனேஜரிடம் போனேன். யார் பெயரையும் சொல்லவில்லை. "ரெண்டு நடையா ஏத்துங்க சார். இல்லாட்டி நாளைக்கு யாரும் ஏற மாட்டோம். நானும்தான்."

"கங்காணி ஆக்குனது இதுக்கா?" என்று கத்தினார்.

"ஆமா சார், இதுக்குந்தான்."

மறுநாள் காலை சிலமலையில் எல்லோரும் ஜீப்பைச் சுற்றி நின்றோம். ஒருத்தியும் ஏறவில்லை. டிரைவர் மேனேஜருக்குப் போன் போட்டார். வெகுநேரம் பேசிவிட்டு, "பாதிப் பேர் ஏறுங்க, மிச்சம் அடுத்த நடைக்கு" என்றார். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படபடப்பு உடனே போய்விடவில்லை. ஆனால் அவள் கூடையில் மறுபடியும் நல்ல காய் விழுந்தது.

இப்போது எதுவானாலும் முதலில் என்னிடம்தான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் என்னால் சரிசெய்ய முடிவதில்லை. முடியாதென்றால் அதையும் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.