மூன்றாவது வரிசைச் சிரிப்பு

கல்யாண வரவேற்பு, ஆலை ஆண்டுவிழா என்று தொடங்கி, மேடையில் தனியாக நின்று ஊரைச் சிரிக்கவைத்தே முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். ஆனாலும் அவர் நம்பியது ஒரே ஒரு ஆளின் சிரிப்பைத்தான். வீட்டுக்காரி காய் நறுக்கும்போது புது ஜோக்கைச் சொல்லிப் பார்ப்பார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்தால் அது மேடையேறும். "நல்லா இருக்கு" என்றால் போச்சு, குப்பைக்கூடைதான். அவள் சிரிப்பும் லேசுப்பட்டதில்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு 'புர்', பிறகு விக்கல் மாதிரி ஒன்று, அதற்கப்புறம்தான் அணை உடையும். எத்தனை பேருக்கு நடுவிலும் அவர் காது அதைப் பிடித்துவிடும்.

கொஞ்ச காலமாக அவளிடமிருந்து வருவதெல்லாம் "நல்லா இருக்கு"தான். அவளுக்கு வயசாகிவிட்டது என்று தேற்றிக்கொண்டார். தன் வயசை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவருக்கு முன்னால் மேடையேறியவன் சுருட்டைமுடிக்காரன். ஒரு காலத்தில் இவருக்கு மைக் சரிபார்த்துக் கொடுத்தவன். "அண்ணி சிரிச்சாதான்ணே அது ஜோக்கு" என்று அப்போதே சொல்வான். இப்போது சுவரொட்டியில் இவர் தலைக்குச் சமமாக அவன் தலை. திரைக்குப் பின்னால் நின்று, இதெல்லாம் ஒரு ஜோக்கா என்று இவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஹெல்மெட்டைத் தேடிய கதையை அவன் சொன்னான். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு 'புர்'. பிறகு விக்கல். பிறகு அணை உடைந்தது.

அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. கைதட்டலை அவன் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகட்டும். இது அவர் வீட்டுச் சொத்து.

இடைவேளையில் அவள் வழக்கம்போல வெந்நீர் பிளாஸ்க்கோடு ஒப்பனை அறைக்கு வந்தாள். கண்ணோரம் இன்னும் ஈரம் காயவில்லை.

"அப்படி என்னத்தைச் சொல்லிட்டான்னு விழுந்து விழுந்து சிரிச்சே?"

"ஹெல்மெட் கதைதாங்க. பாவம், அவனே..." மறுபடியும் மூக்கு துடித்தது.

"காலையில நான் சொன்னப்போ மட்டும் உனக்குச் சிரிப்பு வரல?"

அவள் வெந்நீரை மூடியில் ஊற்றி நீட்டினாள். "நான் வண்டி ஓட்டினா மரமெல்லாம் ஓடி ஒளியுதுன்னீங்க. அதுக்கு முன்னாடி என் குறட்டை. அதுக்கு முன்னாடி எங்கம்மா. முப்பது வருஷமா என்னை வச்சே ஓட்டிட்டீங்க, நானும் சிரிச்சேன். அவன் தன்னையே கிண்டல் பண்ணிக்கிறான். நிம்மதியா சிரிக்க முடியுது."

சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மைக் முன்னால் நின்று மனசுக்குள் துழாவினார். அவள் இல்லாத ஜோக் ஒன்றுகூட அகப்படவில்லை. கைவசம் இருந்தது வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதையே எடுத்துப் போட்டார்.

"ஒரு கிழவன் இருக்கான். அடுத்தவன் ஜோக்குக்குப் பொண்டாட்டி சிரிச்சுட்டாளேன்னு, பின்னாடி நின்னு திரைச்சீலையைக் கடிச்சுக்கிட்டிருந்தான். பல்லு இன்னும் துணியிலதான் இருக்கு. கட்டின பல்லு."

அரங்கம் அதிர்ந்தது. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மூன்றாவது வரிசைக்காகக் காத்திருந்தார். ஒரு 'புர்' வந்தது. விக்கல் வந்தது.

ஓரக்கண்ணால் திரைப்பக்கம் பார்த்தார். சுருட்டைமுடிக்காரன் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டி மூன்றாவது வரிசைக்குக் காது கொடுத்து நின்றான். அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். இடைவேளை வரை அதை மாட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.