சேலைச் சாயப் பாட்டு

கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோர்டு வாசித்துப் பிழைத்தவன் நான். பகலெல்லாம் சும்மா கிடக்கிறோமே என்றுதான் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தேன். இறைவணக்கப் பாட்டும் தேசபக்திப் பாட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

நாலாம் வகுப்பு டீச்சர்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தார்.

“சார், தண்ணி ஆவியாகுற பாடம் எம்புட்டு நடத்துனாலும் இதுக மண்டையில ஏற மாட்டேங்குது. ஒரு பாட்டாக் கட்டிக் குடுங்களேன்.”

நான் கட்டித் தரமாட்டேன், பிள்ளைகளே கட்டட்டும் என்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. எனக்கு அந்தப் பாடம் சரியாகத் தெரியாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஆளுக்கொரு வரி கொண்டுவர வேண்டும். அது புத்தகத்தில் படித்ததாக இருக்கக் கூடாது, கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். டீச்சர் வரிகளைக் கரும்பலகையில் எழுதுவார். நான் கீபோர்டில் வாசித்துப் பார்ப்பேன். தாளத்துக்குள் உட்காராத வரியை வகுப்பே சேர்ந்து வெட்டி ஒட்டும். இட்லிக் கொப்பரை மூடியில் சொட்டும் தண்ணீரைப் பற்றி ஒருவன் சொன்னான். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்த யூனிஃபார்ம் பஸ்ஸிலேயே காய்ந்துவிட்டதைப் பற்றி இன்னொருத்தி சொன்னாள். வகுப்பு மீன்கடைபோல இரைந்தது. அந்த இரைச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் தொழில். அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. கட்டைக் குரல், பேசினால் மற்ற பிள்ளைகள் சிரிக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்று அவள் தானாக எழுந்தாள்.

“சாயம் இருக்கு சேலையில, தண்ணி எங்க போச்சு?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் வீட்டு மொட்டை மாடியில் தினமும் நடப்பதுதான் அது. ஈரச் சேலையைக் கொடியில் போடுகிறார்கள். சாயந்தரம் எடுக்கும்போது நிறம் அப்படியே இருக்கிறது, தண்ணீரை மட்டும் காணோம். பாடப்புத்தகம் ஒரு பக்கம் முழுக்கச் சொல்லத் திணறியதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். மற்றவர்கள் பதில் கட்டினார்கள்:

“வெயிலு வந்து வாங்கிக்கிச்சு, மேகமாகிப் போச்சு.”

அவள் கேள்வியே பாட்டின் முதல் வரியானது. அதை அவள்தான் பாட வேண்டும் என்றேன். வழக்கமான சுருதி அவளுக்கு எட்டவில்லை. குறைத்தேன், இன்னும் குறைத்தேன். ஓரிடத்தில் அவள் குரல் போய் உட்கார்ந்தது பாருங்கள், எத்தனையோ மேடைப் பாடகர்களோடு வாசித்தவன் நான், எனக்குச் சிலிர்த்துவிட்டது. தரையில் பாய் விரித்ததுபோல அகலமான குரல். அதன்மேல் வகுப்பே ஏறி உட்கார்ந்து பாடியது. அதற்குப் பிறகு அவள் பாடத்தில் சந்தேகம் கேட்கிறாள், மதியச் சாப்பாட்டில் வம்பளக்கிறாள் என்று டீச்சர் பூரித்துப்போனார்.

பிறகு ஆண்டு விழா வந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாக்களில் யாரும் பாடுவதில்லை. ஸ்டுடியோவில் பதிவுசெய்த டிராக் ஓடும், பிள்ளைகள் வாயசைப்பார்கள். இந்தப் பாட்டைக் கேட்ட தாளாளருக்கு அவ்வளவு சந்தோஷம், இதையும் பதிவுசெய்ய ஏற்பாடு செய்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் தனக்குப் பழக்கமான ஒரு பாடகிப் பிள்ளையைப் பாட வைத்தார். சுருதியும் மேலே போய்விட்டது.

நான் தாளாளர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். “நான் மேடையில உக்காந்து வாசிக்கிறேன். அதுக பாடட்டும். பிசிறடிச்சா அடிச்சுட்டுப் போகுது!”

“கோபப்படாதீங்க சார். போன வருசம் மைக் கத்துன கத்துல பேரன்ட்ஸ் எடுத்த வீடியோ அம்புட்டும் பாழாப்போச்சு. பிள்ளைக மேடையில பயந்து நின்னுட்டா யாரு பதில் சொல்றது? உங்க பிள்ளைய நான் மறக்கல. அவதான் முன்னால, நடுவுல நிப்பா. கையில மைக்கும் குடுக்கச் சொல்லிட்டேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

விழாவில் அவள் பட்டுப்பாவாடை கட்டி, ஆஃப் செய்து வைத்த மைக்கைப் பிடித்து, ஒரு சொல் பிசகாமல் வாயசைத்தாள். ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து யாருடைய குரலோ கண்ணாடிச் சில்லாக வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

முடிந்ததும் அவள் அப்பா, ஒரு கையில் அவளையும் மறு கையில் செல்போனையும் பிடித்தபடி என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் பல்.

“சார், ஸ்டுடியோவுல இப்படியெல்லாம் சரி பண்ணலாமா? எங்க பிள்ளையோட கட்டைக் குரலே தெரியல சார்! இதத்தான் ரிங்டோனா வைக்கப் போறேன்.”

“அண்ணே, அது இவ குரல் இல்ல. ஆனா பாட்டு இவளோடது. முதல் வரியே இவ கட்டுனதுதான். இவ குரல்ல கேட்டா இதைவிட நல்லாருக்கும்ணே.”

“நீங்க சும்மா சொல்றீங்க சார்,” என்று சிரித்துக்கொண்டே மறுபடி அந்த வீடியோவை ஓடவிட்டார். அவள் தன் முகத்தை அந்தத் திரையில் பார்த்தபடி நின்றாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அப்போதே பாடச் சொல்லலாம்போல இருந்தது. ஒலிபெருக்கியில் அடுத்த டிராக் ஆரம்பித்துவிட்டது.

அரையாண்டு விடுமுறை முடிந்து அடுத்த பாடத்துக்கு, செடிகளைப் பற்றி, புதுப் பாட்டுக் கட்டினோம். அவளுக்கென்று சுருதியைக் குறைத்தே வாசித்தேன். வகுப்பு முழுக்கப் பாடியது. கடைசி பெஞ்சில் அவளும் எல்லோரையும்போல வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், தாளம் தப்பாமல்.

டீச்சர் என் பக்கம் குனிந்து, “பாத்தீங்களா சார், இப்ப ஒரு பிள்ளை விடாம பாடுதுக,” என்றார்.

நான் வாசிப்பதை நிறுத்தாமல் அந்தக் கட்டைக் குரலைத் தேடினேன். அத்தனை குரல்களுக்குள்ளும் அது இல்லை.