மரத்திலிருந்து விழுந்தவர்கள்

அனுமதிப் பதிவேடு தண்ணீரில் ஊறிய பாண் துண்டு போல வீங்கியிருந்தது. சுனாமியில் கடல் வந்து போன பிறகு அதை வெயிலில் வைத்து, ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவர் எங்கள் பதிவறை மிஸ். முதுகெலும்பு முறிந்தவர்களும் நடக்க முடியாதவர்களும் வருடக்கணக்கில் தங்கியிருந்த அந்த வாவிக்கரை ஆஸ்பத்திரியில் பதிவேடுகளுக்கு அவர் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே கிளாக்கர். பழையதைப் புதுப் பதிவேட்டில் பெயர்த்தெழுதும் வேலையை மட்டும் அவர் என்னிடம் தரவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. மிஸ் பறங்கிக் குடும்பம்; தன் தங்கையோடு டெலிபோனில் பேசும்போது நான் உள்ளே போனால் சட்டென்று எனக்கு விளங்காத அவர்களின் போர்த்துக்கேயப் பாஷைக்கு மாறுவார். அதையும் மனதில் குறித்துவைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் பழைய பதிவேடு, புதியது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாகரைப் பக்கத்து இளைஞன் ஒருவனுக்குப் பழைய தாளில் 'ஷெல் துண்டு, முதுகுத்தண்டு' என்றிருந்தது. புதியதில் 'தென்னையிலிருந்து விழுந்தவர்'. அடுத்தவனுக்கும் அப்படியே. யாரிடமோ எதையோ வாங்கிக்கொண்டுதான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். கேட்டதற்கு, "மை ஊறிப்போன எழுத்து. எனக்கு அப்பிடித்தான் தெரியுது," என்றார். அன்று பின்னேரமே பழையதைக் குப்பையோடு எரித்தார். மேலிடத்துக்குப் போட ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன், சோம்பலில் அனுப்பவில்லை.

சண்டை முடிந்த வருடம் சிலர் வந்து அந்தப் புதுப் பதிவேட்டைப் புரட்டினார்கள். வெடிபட்டு வந்த இளைஞர்களை இயக்கப் பொடியன்கள் என்று தேடுகிறார்கள் என்பது அவர்கள் கேட்ட முதல் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. ஷெல் என்று எழுதியிருந்தால் கட்டிலோடு தூக்கிப் போயிருப்பார்கள். மிஸ் செய்த வேலை அப்போதுதான் எனக்கு உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. மரத்திலிருந்து ஏன் இத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று என்னைத்தான் கேட்டார்கள். மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது.

"கள்ளுச் சீவுற ஆக்கள், சேர்," என்றேன்.

போய்விட்டார்கள். மிஸ் எனக்கு நன்றி சொல்லவில்லை. அன்றிலிருந்து அலுமாரியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர்களை அழைத்துவந்ததே நான்தான் என்று நினைத்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போகும் நாள்வரை அப்படித்தான் நினைத்தார். நான் எழுதிவைத்த கடிதத்தை நினைத்தால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இப்போது அந்த ஏடுகளை அடுக்கிப் பாதுகாப்பது என் வேலை. போன மாதம் வாகரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எங்கள் கட்டிலிலேயே இறந்துபோன அந்த இளைஞனின் தாய். மகனுக்கு எப்படிக் காயம் பட்டது என்று ஆஸ்பத்திரியின் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும் என்றார். பதிவேட்டில் இருந்ததை வாசித்தேன்.

"என்ட புள்ள மரத்தில ஏறினதே இல்ல மனே. ஷெல் பட்டத்த நான் கண்ணால கண்ட. ஆரக் காப்பாத்த இப்பிடி எழுதின?"

உங்கள் மகனைத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.