கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்

"இப்ப நல்லா கேக்குதாம்மா?" தில்லைநகரில் எனக்குக் காதுக்கருவி மாட்டிய பெண் மெல்லக் கேட்டாள். கேட்டது. உடனே அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா மைக் இல்லாத நாடகக் கொட்டகைகளில் ராஜபார்ட் போட்டவர். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை வீட்டிலும் இறங்காது. உறையூரில் அவர் காபி கேட்டால் தெருவே சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

ஒருமுறை சினிமாவில் நடிக்க மெட்ராஸ் போனார். "மைக் இருக்குங்க, மெதுவா பேசுங்க" என்றார்களாம். மெதுவாகப் பேசினால் அவருக்கு நடிப்பே வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வந்த அன்று அடுப்படி வாசலில் நின்று, "கொஞ்சம் காபி கிடைக்குமா?" என்று முணுமுணுத்தார். அம்மாவுக்குப் பாம்புச் செவி. ஆனாலும் திரும்பாமலே, "கேக்கலைங்க" என்றாள். மறுபடி கேட்டார்.

"இன்னும் கேக்கலைங்க."

அடுத்த தடவை அவர் கேட்டதில் கூரை ஓடு அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா டம்ளரை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

காதுக்கருவிக் கடையிலிருந்து வெளியே வந்தேன். பஸ் ஹாரன், பூக்காரியின் பேரம், யார் யாருடைய போன் பேச்சோ, எல்லாம் துல்லியமாகக் கேட்டன. கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.

அப்பா கூப்பிட்டால் இது இல்லாமலே கேட்கும்.