கிழக்கே சூலம்

ஈரான்மேல் அமெரிக்கா குண்டு போடுமா போடாதா என்று ஆரணியில் எங்கள் தெருவே பேசிக்கொண்டிருந்த வாரம் அது. மற்றவர்களுக்கு அது கிரிக்கெட் மாதிரி. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் வளைகுடாவில், அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் சமையல்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆரணிக் கல்யாணங்களுக்குச் சாம்பார் வைத்த கை, அங்கே சிப்பாய்களுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் விசைத்தறி வைத்திருக்கிறார். தறிச் சத்தத்தைவிட அவர் பேச்சுதான் உரக்கக் கேட்கும்.

"சண்டைக்கே போக மாட்டோம்னு சொல்லி ஓட்டு வாங்குனவங்க தங்கச்சி. சொந்தக் கட்சிக்காரனே வேணாங்கறான். எங்க போடப்போறாங்க?"

"அப்புறம் இன்னாத்துக்குண்ணா கப்பல் மேல கப்பலா அனுப்பிகினு இருக்காங்க?"

"அது சும்மா மெரட்டறதுக்கு. இஸ்ரேல் கூட்டாளியாச்சே, வுட்டுக் குடுக்க முடியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் இருக்கிற நாடும் அமெரிக்காவுக்குக் கூட்டாளிதான். முகாமுக்கு இடம் கொடுத்த பாவத்துக்கு முதல் அடி அங்கேதான் விழும். சம்பந்திகள் அடித்துக்கொண்டால் மண்டபத்துக்காரன் நாற்காலிதானே உடையும்? இதைச் சொன்னதும் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரே போனில் கூப்பிட்டார்.

"சாப்புட வர்ற ஆளு கொறஞ்சுகினே வருது. பாதிப் பேர வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. இருக்கற பசங்க தட்ட வெச்சிகினு போனையே பாத்துகினு இருக்கானுங்க. அவனுங்களுக்கும் ஒண்ணும் தெரியல. பாவம், சின்னப் பசங்க."

"அவங்களையே அனுப்பறாங்கன்னா உங்களுக்கு அங்க இன்னா வேலை? கெளம்பி வாங்க."

எப்போதும் வாதம் பண்ணுகிற மனிதர், அன்று சரி என்றார். சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி போன். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டாராம்.

"சனிக்கெழம கெழக்கால சூலம்மா. இங்கேர்ந்து நம்மூரு கெழக்குதான?"

சூலம் இருக்கிற திசையில் பயணம் போகக்கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். என்னைப் பெண் பார்க்கவே தேவிகாபுரத்திலிருந்து நேர் பஸ்ஸில் ஏறாமல் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தவர்கள்.

"பரிகாரம் தயிருன்னு காலண்டர்லயே போட்டிருக்கு. ஒரு வாய் தயிர் சாப்டுட்டு ஏறுனா ஆவாதா? கிச்சன்லதான இருக்கீங்க?"

"ஒரு நாள்தான, வுடும்மா."

அந்த ஒரு நாளில்தான் எல்லாம் நடந்தது. சனிக்கிழமை அமெரிக்கா குண்டு போட்டது. வளைகுடா வானத்தில் விமானமே பறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு முகாம்மேல் ஏவுகணை விழுந்தது என்றார்கள். எது என்று சொல்லவில்லை. அவர் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கைத்தறியில் உட்கார்ந்தால் கால் மிதித்தது, கை ஓடவில்லை. பக்கத்து வீட்டில் தறி, டிவி இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"நான் பேசனதெல்லாம் மனசுல வெச்சிக்காத தங்கச்சி."

அவர்மேல் எனக்கு என்ன கோபம்? அவரைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

மறுநாள் போன் வந்தது. "நல்லா இருக்கேன். பங்கர்ல பசங்களோட ஒக்காந்துகினு இருந்தேன். ஒருத்தன் என் கைய வுடவே இல்ல." சூலத்தைச் சொல்லித் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

வானம் திறந்ததும் கிடைத்த முதல் சீட்டு அடுத்த திங்கட்கிழமைக்கு. அவர் மெதுவாக இழுத்தார்.

"திங்கக்கெழமையும் கெழக்காலதான்..."

"சூலத்த நான் பாத்துக்கறேன். நீங்க ஜல்தி ஏறுங்க."

சூலம், ராகுகாலம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் திங்கட்கிழமை, விமானத்தில் ஏறிவிட்டேன் என்று சொல்லி அவர் போனை வைத்ததும், அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணம் தயிர் எடுத்து, மேற்கே பார்த்து நின்றுகொண்டு, அவருக்காக நான் சாப்பிட்டேன்.