மெலியிற குளிசையும் ஒருபிடி கச்சானும்

குருநகர் மீன்சந்தையில் மீன் விற்கும் ஒரு அக்காவிடம்தான் நான் மீன் வாங்குவேன். பருத்த உடம்பு, முழங்கால் வலியால் எழும்பவே சிரமப்படுவார். மெலிவதற்கு, தினமும் விழுங்கச் சொல்லி டாக்குத்தர் குளிசை கொடுத்திருந்தார். ஆனாலும் தினமும் மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள்மாருக்குச் சோறு கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒருபிடி கச்சான் கடலை தின்பார்.

“மெலியக் குளிசையும் போட்டு, கச்சானும் தின்னுறியளே அக்கா?” என்று கேட்டேன்.

“குளிசை போட்டால் எனக்குப் பசிக்கிறேல்லைத் தம்பி. ஆனால் பிள்ளையளின்ரை தேப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாததிலை இருந்து, நான் ஏதும் தின்னாட்டி உதுகள் சோத்தைத் தொடாதுகள்.”

பிறகு போரில் பாதை பூட்டப்பட்டுக் குளிசை வருவது நின்றது. ஒருநாள் மகள்மாரோடு சோறு தின்றுகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், “பசி திரும்பி வந்திட்டுது தம்பி!” என்று சிரித்தார்.

அரிசிக்கே தட்டுப்பாடான அந்த நாட்களில், பசி வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட வேறொருவரையும் நான் காணவில்லை.