என் கையில் கட்டிய தொண்டர் பட்டை

இன்று செவிலிமேடு டவுன் பஸ்ஸில் குப்புசாமி அண்ணனைப் பார்த்தேன். எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டிகளை நடத்தியவர்.

அப்போதெல்லாம் ஆட்டம் முடிந்தால் சோடா பாட்டில் பறக்கும். ஒரு வருடம் நடுவரின் மண்டையே உடைந்தது.

அடுத்த வருடம் அண்ணன் என் கையில் சிவப்புத் துணிப்பட்டையைக் கட்டினார். "இந்தக் கயித்தைத் தாண்டி ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. நீதான் பொறுப்பு."

எங்கள் ஊர் ஒரே புள்ளியில் தோற்றது. நடுவரை அடிக்கக் கூட்டம் எழுந்தது. முதலில் கயிற்றைத் தாண்டியவர் என் அப்பா.

"நைனா, உள்ள போவாதே!"

"தள்ளுடா! நம்ம பையன் அவுட்டே இல்ல. அந்தாளைக் கேக்காம வுடமாட்டேன்!"

அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். குடையால் முதுகில் நாலு போட்டார். நான் விடவில்லை. அதற்குள் நடுவர் சைக்கிளில் ஏறித் தப்பிவிட்டார்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

இன்று அண்ணனிடம் கேட்டேன். "அத்தனை பேர்ல என்னை நம்பி ஏண்ணா பட்டை கட்டுனீங்க?"

"நம்பியா?" அண்ணன் சிரித்தார். "அதுக்கு முந்துன வருஷம் பாட்டில் வுட்டவனுங்க யாருன்னு போலீஸ் ஒரு லிஸ்ட் வச்சிருந்துச்சுபா. அதைப் பாத்துதான் தொண்டருங்களையே போட்டேன். உன் பேருதான் மொதல்ல இருந்துச்சு."

ஒரு திருத்தம். நான் எறிந்தது ஒரே ஒரு பாட்டில், அதுவும் யார் மேலும் படவில்லை. அன்று என்னோடு பட்டை கட்டியவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் எத்தனை எறிந்தீர்கள் என்று கமெண்டில் சொல்லிவிடுங்கள்.